தென்னேரிக் கரையிலிருந்து

யாரும் பேசாதபோதே ரேடியோ செட்டின் பச்சை விளக்கு எரிந்தது.

மாடி அறையில் ஆஷிஃபா அப்போதுதான் ஆன்டெனா கம்பியைப் பொருத்தி முடித்திருந்தாள். சாயங்கால மழை தகரக் கூரையில் இரைந்துகொண்டிருக்க, சின்ன காஞ்சிபுரத்துத் தெருவின் தறிச்சத்தம் அதற்கடியில் மங்கிக் கேட்க, உருகிய ஈயத்தின் வாடை அறையை விட்டு நகராமல் நின்றது. ஓர் அலைவரிசையில் வரும் குரலை வாங்கி இன்னொன்றில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் அது. ஓராண்டாக மூடிவைத்திருந்தாள். மழைக்காலம் வந்துவிட்டதென்று வெள்ள நேரத்தில் செய்தி கடத்தும் ஹாம் ரேடியோ நண்பர்கள் விடாமல் கேட்டதால் மறுபடி அமைத்தாள்.

போன வருஷ வெள்ளத்தில் அவர்களில் ஒருவரான ஆதிகேசவன் தென்னேரி ஏரிக்கரையில் காவல் நின்றார். கையில் சின்ன வாக்கி டாக்கி. அவர் குரல் இந்த ரிப்பீட்டர் வழியாகத்தான் ஊரை எட்டவேண்டும். அதன் விசிறி இரைச்சலில் தூக்கம் வரவில்லையென்று ஆஷிஃபா அதை அணைத்துவிட்டுப் படுத்தாள். இரண்டு மணி நேரம்தான். அதற்குள் கரை சரிந்து அவரை வாரிக்கொண்டு போயிற்று.

“அவரு கடைசியா எதுனா பேசினாராம்மா?” வெள்ளம் வடிந்தபின் பக்கத்துத் தெருவிலிருந்து வந்து கேட்டாள் அவர் மனைவி அகிலா.

“கரண்டு போயிடுச்சுக்கா. செட்டு ஓடல.”

“நீ இன்னாம்மா பண்ணுவ” என்று அகிலா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பிடியை நினைத்தால் ஆஷிஃபாவுக்குச் சோறு இறங்காது.

இப்போது மேசைமேல் இருந்த அவளுடைய வாக்கி டாக்கியில் தண்ணீர்ச் சத்தம். பிறகு இருமல்.

“ஆஷிஃபா... கேக்குதாம்மா?”

ரிப்பீட்டரின் மின்கம்பியைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. குரல் நிற்கவில்லை.

“கரை போய்க்கினு இருக்குது. கேக்குதாம்மா?”

சேற்று வாடை. அவள் பேசும் பொத்தானை அழுத்தினாள்.

“அண்ணா, கரண்டு போகல. நான்தான் அணைச்சேன். மன்னிச்சிடுங்கண்ணா.”

தண்ணீர்ச் சத்தம் அறுந்தது. தறிகளும் நின்றிருந்தன.

செல்போன் அடித்தது. அகிலா.

“அவரு உடம்போட கிடைச்ச செட்டு பீரோவுல கிடந்துதும்மா. பேட்டரி கூட கிடையாது. அதுல உன் குரல் வந்துது.” அவள் அழவில்லை. “நீ சொன்னத ரெண்டு பேரும் கேட்டோம். கிளம்பி வந்துக்கினு இருக்கோம்.”

ஆஷிஃபா ஜன்னலுக்குப் போனாள்.

தெருமுனையில் அகிலா. குடையைப் பக்கத்தில் தள்ளிப் பிடித்தபடி, புடவை உடம்போடு ஒட்ட, தான் மட்டும் நனைந்து நடந்துவந்தாள். குடைக்கு அடியில் யாரும் இல்லை. மழை படாத அந்த இடத்திலிருந்து சேற்றுத் தண்ணீர் வழிந்துகொண்டே வந்தது.