தொட்டி கழுவிய நாள்

ட்ரிங்... ட்ரிங்...

பம்ப் ரூம் மேஜை மேலிருந்த செல்போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்பை நோக்கி நகர்ந்தது.

ஆபரேட்டர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கீழே விழப்போகும் நொடியில் பிடித்தார்.

"யோவ் ஆபரேட்டர்! எங்கய்யா தொலைஞ்ச? ஏணி உடைஞ்சு போச்சு. தொட்டிக்குள்ள விழுந்து கிடக்கேன்!"

கான்ட்ராக்டர்.

குடியிருப்பின் நாலு தெருவுக்கும் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டி. அறுபதடி உயரம். அதைப் பராமரிக்கும் பொறுப்பு மூன்று வருடங்களாக அவருடையது. பராமரிப்பு என்றால் இவ்வளவுதான். மாதம் ஒருமுறை பெயிண்டர் ஒருவர் வருவார். தொட்டித் தூணில் 'கழுவிய நாள்' என்று எழுதியிருக்கும் இடத்தில் பழைய தேதியை அழிப்பார். புதுத் தேதி எழுதுவார். போய்விடுவார்.

மேலே யாரும் ஏறியதில்லை.

போன மாதம் குடியிருப்பில் வாந்தி பேதி. பதினெட்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பன்னிரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

வராத ஆறு பேரில் ஒருத்தி ஆபரேட்டரின் மகள். ஒன்பது வயது.

அன்றே தொட்டியைக் காலி செய்து, தெருக்களுக்குப் போகும் வால்வைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். இப்போது லாரித் தண்ணீர்தான். நேற்று விசாரணைக்கு வந்த சுகாதார ஆய்வாளர் ஒரு பெண்மணி. அவரிடம் கான்ட்ராக்டர் ஒரு ரிப்போர்ட்டை நீட்டினார். தொட்டி கழுவப்பட்டது. உள் ஏணி புதிதாகப் பொருத்தப்பட்டது. சுவர் வெடிப்பு அடைக்கப்பட்டது. கீழே கையெழுத்து, சீல்.

அந்த அம்மா ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்படியானால் நாளை சாயங்காலம் ஐந்து மணிக்குள் நீங்களே உள்ளே இறங்கி நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், முகம் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதனால்தான் இன்று மூன்று மணிக்கு, கையில் கொஞ்சம் சுண்ணாம்பும் ஒரு பிரஷ்ஷுமாகக் கான்ட்ராக்டர் தனியே ஏறினார். தலைக்குப் பின்னால் ஒரு முழத்துக்கு வெள்ளை அடித்தால் போதும். போட்டோவில் தொட்டி பளிச்சென்று இருக்கும்.

"அடி பட்டிருக்கா சார்?"

"முட்டி சிராய்ச்சிருக்கு. ஆளுங்களைக் கூட்டிட்டு சீக்கிரம் வாய்யா. நாத்தம் தாங்கல."

"புது ஏணி எப்படி சார் உடைஞ்சுது?"

"அதெல்லாம் அப்புறம். நீ முதல்ல வாய்யா!"

ஆபரேட்டர் எழுந்தார். சுவரில் இருந்த பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

உர்ர்ர்ரென்று மோட்டார் உறுமியது. மேஜைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு, மேஜை ஓரத்தில் இருந்த மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார். 'தண்ணி வருது, குடத்தை எடுத்துட்டு வாங்க' என்று தினமும் அவர் அறிவிக்கிற மைக் அது. ஒரு மாதமாக வேலையில்லை. மேலே படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தார்.

போனில் அருவி விழுவது போலச் சத்தம்.

"யோவ்! தண்ணி வருதுய்யா! மோட்டாரை நிறுத்து!"

"நிறுத்தறேன் சார். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. கீழே என்ன கிடக்கு?"

"என்ன?"

"உங்க காலடியில. டார்ச் அடிச்சுப் பாத்து சொல்லுங்க."

"விளையாடறியா? உன் வேலை போயிடும், தெரியும்ல?"

"தெரியும் சார். தண்ணி எவ்வளவு வந்திருக்கு?"

தண்ணீர்ச் சத்தம் கனத்தது.

கணுக்காலைத் தாண்டிவிட்டதாகக் கான்ட்ராக்டர் சொன்னார். பிறகு முழங்கால் என்றார். முழங்கால் வந்ததும் 'யோவ்' போய்விட்டது.

"அண்ணே... சொல்றேண்ணே. சேறு. ஒரு முழம் சேறு."

"அப்புறம்?"

"புறா. செத்த புறாண்ணே. ஏழெட்டு இருக்கும். மேல மூடி இல்ல, அதான் உள்ள விழுந்திருக்கு. வேற... வேற என்னவோ ஒண்ணு. வாலு மட்டும் தெரியுது."

ஆபரேட்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே அந்தத் தொட்டித் தூணில்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நின்று ஒவ்வொரு எழுத்தாய்த் தொட்டுத் தொட்டுப் படிப்பாள். 'அப்பா, நேத்துதான் கழுவியிருக்காங்களாம். நீ சொல்லவே இல்லை?' என்று கேட்டுவிட்டு, குழாயடியில் குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடிப்பாள்.

அவர் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

"எத்தனை தடவை கழுவுனீங்க சார்?"

"அண்ணே, முதல்ல மோட்டாரை..."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை கூட இல்லண்ணே. தேதிதான் மாத்தினோம். போதுமா?"

"தண்ணியில கலக்கச் சொல்லிக் கொடுத்த பிளீச்சிங் பவுடர் மூட்டையெல்லாம்?"

"என் மச்சானோட விடுதிக்கு. அங்க நீச்சல் குளம் இருக்கு."

நீச்சல் குளம்! குளிக்கிறவர்களுக்கு மருந்து போட்ட தண்ணீர். குடிக்கிறவர்களுக்குப் புறா.

"இடுப்புக்கு வந்திடுச்சுண்ணே! எனக்கு நீச்சல் தெரியாது!"

"மச்சான் விடுதியில குளம் இருந்துமா சார் கத்துக்கல?"

கான்ட்ராக்டருக்கு அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது.

"பெரிய யோக்கியன் மாதிரி பேசாதே. அந்த பெயிண்டர் தேதி எழுதும்போது கீழே நின்னு டப்பாவைப் பிடிச்சது யாரு? நீதானே? தெரிஞ்சுதானே பிடிச்சே?"

ஆபரேட்டர் மைக்கைப் பார்த்தார். அதன் தலையில் சின்னதாய் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, அறிவிப்புச் சொல்கிற குரலில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"ஆமா. நான்தான் பிடிச்சேன். மூணு வருஷம் பிடிச்சேன். வேலை போயிடுமேன்னு வாயை மூடிட்டு இருந்தேன். என் பொண்ணு அந்தத் தண்ணியைக் குடிக்கும்போதும் வாயை மூடிட்டுத்தான் இருந்தேன். அதுக்கு என்ன தண்டனையோ, நானும் உங்ககூட வந்து வாங்கிக்கறேன்."

"ஐயா..." 'அண்ணே'யும் போய்விட்டது. "ஐயா, எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குய்யா. அதுங்க முகத்துக்காக விட்டுடுங்கய்யா."

ஆபரேட்டரின் கை தானாக எழுந்தது. சிவப்புப் பொத்தானை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

"அதுங்க எந்தத் தண்ணி சார் குடிக்குதுங்க?"

போனில் விசும்பல் கேட்டது.

"கேன் தண்ணி" என்றார் கான்ட்ராக்டர், மெதுவாக.

அதற்கு மேல் கேட்க ஆபரேட்டரிடம் எதுவும் இல்லை. ஆனால் பொத்தானையும் அழுத்தவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். போனுக்குள் கேட்ட விசும்பல் மெல்ல மெல்ல அடங்கி, ஒரு சந்தேகமாக மாறியது.

"ஐயா... தண்ணி இடுப்புக்கு மேல ஏறவே இல்லையே? மோட்டாரை நிறுத்திட்டீங்களா?"

"இப்பதான் சார் நிறுத்தப் போறேன்."

சிவப்புப் பொத்தான். மோட்டார் அடங்கியது. தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அந்த அமைதியில் கான்ட்ராக்டர், "ஹலோ?" என்றார்.

'ஹலோ' என்று வானத்திலிருந்து ஒரு ராட்சதக் குரல் தொட்டிக்குள் இறங்கியது.

அவருடைய குரலேதான்!

"என்னய்யா இது? மைக்கா? இவ்வளவு நேரமும் மைக்கா? ஊரே கேட்டுச்சா?"

ஆபரேட்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். நாலு தெருவும் வெளியே வந்திருந்தது. கூட்டத்துக்கு முன்னால், மடித்த ரிப்போர்ட்டைக் கையில் பிடித்தபடி சுகாதார ஆய்வாளர் அம்மா. போட்டோவை வாங்க நேரிலேயே வந்துவிட்டார் போலிருக்கிறது. பெண்கள் சிலர் அவரைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்குள் ஆபரேட்டரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை அவர் தவிர்க்கவில்லை.

"கொலை முயற்சி!" கான்ட்ராக்டர் ஊர் முழுக்கக் கேட்கக் கத்தினார். "என்னைத் தொட்டிக்குள்ள வச்சு முக்கிக் கொல்லப் பாத்தான்! உன்னை உள்ள தள்ளாம விடமாட்டேன்டா!"

"கிழக்குச் சுவரைப் பாருங்க சார். இடுப்பு உயரத்துல."

டார்ச் திரும்பியிருக்க வேண்டும்.

கை நுழைகிற அகலத்துக்கு வெடிப்பு. ஊற்றிய தண்ணீரெல்லாம் அதன் வழியே வெளியே போய், தொட்டிக்குக் கீழே கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வருடங்களாகவே அப்படித்தான். அந்த ஒழுகலில்தான் பெண்கள் துணி துவைப்பார்கள். ஒரு தடவை மேலே ஏறியிருந்தால் கான்ட்ராக்டருக்கும் தெரிந்திருக்கும்.

"இந்தத் தொட்டியில இடுப்புக்கு மேல தண்ணி நிக்காது சார். குப்புறப் படுத்தாத்தான் சாக முடியும். ஆனா வெடிப்பை அடைச்சாச்சுன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ரிப்போர்ட் நிஜம்னா நான் கொலைகாரன். வெடிப்பு நிஜம்னா நீங்க ஆறு பேரைக் கொன்னவர். எதுன்னு நீங்களே போலீஸ்ல சொல்லிடுங்க."

மேலேயிருந்து மிகச் சின்னக் குரலில் வந்தது.

"முதல்ல ஒரு ஏணி கொண்டு வாய்யா..."

ஆபரேட்டர் பம்ப் ரூம் சாவியை மேஜை மேல் வைத்தார். மைக்கை அணைக்கும் முன் குனிந்து, கடைசி அறிவிப்பைச் சொன்னார்.

"எதுக்கு சார் ஏணி? நீங்க மட்டும் ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா, இந்நேரம் தானாவே மேல வந்து மிதந்திருப்பீங்களே!"