பிரளயகேசரியின் சிறுதிறன்கள்

நல்லசிவம் காலை ஆறு மணிக்கு எழுந்து, பல் விளக்கி, இரண்டு டிராகன்களைக் கொன்றுவிட்டுக் காபிக்காகக் காத்திருந்தார். காபி வரவில்லை.

"வடிவு! என்னாச்சு?"

"தண்ணி இல்ல," என்றாள் வடிவு அடுப்படியிலிருந்து. "குழாய் கசியுதுன்னு இருபது நாளா சொல்லிட்டிருக்கேன். காதுல அந்தச் சட்டிய மாட்டியிருந்தா எப்படிக் கேக்கும்?"

அவள் சட்டி என்று சொன்னது, விளையாட்டுக்காகத் தலையில் மாட்டும் காட்சிக்கவசத்தை. வியாழனின் நிலவான கலிஸ்டோவில், நான்காம் கூண்டுக் குடியிருப்பில், ஆண்களில் பத்துக்கு எட்டுப் பேர் அதை அணிந்திருந்தார்கள்.

அங்கே தண்ணீர் மூச்சிலிருந்து கிடைத்தது. வெளியே பனி மலைமலையாகக் கிடந்தாலும் உருக்க மின்சாரம் போதாது. ஆகவே குடியிருப்பவர்கள் விடும் மூச்சின் ஈரத்தைச் சுவர்கள் உறிஞ்சும். தரைக்கடியில் ஓடும் ஈரமீட்புக் குழாய் அதைச் சுத்தம் செய்து அடுப்படிக்கு அனுப்பும். நேற்று விட்ட பெருமூச்சை இன்று காபியாகக் குடிக்கலாம். அந்தக் கணக்கில் வடிவின் வீட்டில் தண்ணீர்ப் பஞ்சம் வர நியாயமே இல்லை. ஆனால் குழாய் கசிந்தது.

வெள்ளிக்கிழமை ஈரச் சோதனை. கசிகிற வீட்டைக் குடியிருப்பு நிர்வாகம் பிடுங்கிக்கொண்டு, குடும்பத்தைப் பொதுக்கூடத்துக்கு அனுப்பிவிடும். பொதுக்கூடம் என்றால் வரிசையாக இருநூறு கட்டில்கள், கட்டிலுக்கு ஒரு திரை. வடிவு பதினோரு வருஷம் அந்தத் திரைக்குப் பின்னால் குடித்தனம் நடத்தியவள். சாப்பாட்டுக்குப் பாசி வளர்க்கும் தொட்டியில் நாளுக்குப் பத்து மணி நேரம் நின்று, காலில் தோல் உரிந்து, அதற்குப் பிறகு கிடைத்தது இந்த ஒன்றரை அறை வீடு. அதில் ஒரு கதவு இருந்தது. அதை மூடலாம். அந்தக் கதவை இழக்க அவள் தயாராக இல்லை.

"மனு போட்டாச்சுல்ல? ஆள் வரும்," என்றார் நல்லசிவம். "எனக்கு வேற தலைவலி இருக்கு. கசிவடைத்தல் இருபத்தாறுலயே நிக்குது."

இந்தத் தலைவலியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நல்லசிவம் முன்பு பனிக்கட்டி அளவைப் பிரிவில் எழுத்தராக இருந்தார். அந்த வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. இயந்திரங்களுக்கு அறிவு வந்த நாள் முதலே அவை மேசை வேலையைத்தான் கேட்டன. படித்த பிள்ளை மண்வெட்டி தூக்குமா? குழாய் அடைப்பது, அழுக்கு வழிப்பது போன்ற வேலைகளுக்கு அவை தங்கள் மூளையைத் தர மறுத்துவிட்டன. அதனால் மூளையில்லாத நாலாயிரம் தொலைக்கைகள் கிட்டங்கியில் தூங்கின. தொலைக்கை என்பது ஆறு கைகள் கொண்ட, நண்டு மாதிரியான கருவி. தூரத்திலிருந்து யாராவது இயக்கினால்தான் அசையும். வேலை போன ஆண்களை அழைத்து நிர்வாகம் கேட்டுப் பார்த்தது. "சாக்கடைக்கா எங்களைப் பெத்துப் போட்டாங்க?" என்று அவர்கள் திரும்பிப் போய் மந்திரபுரியில் உட்கார்ந்துகொண்டார்கள்.

மந்திரபுரி ஒரு விளையாட்டு. அதில் நல்லசிவம், மாயவர் பிரளயகேசரி. முழங்கால் வரை தாடி. இடியை அழைப்பார், எரிமலையை அதட்டுவார். பெருமந்திரங்களில் எண்பத்தெட்டாம் படி. அடுத்தது மகாமாயர் பட்டம்தான் என்றிருந்த நேரத்தில், நாலு மாதம் முன்பு விளையாட்டில் ஒரு புதிய விதி வந்தது: இருபத்து நான்கு சிறுதிறன்களும் முப்பதாம் படியைத் தொடாமல் எவரும் மகாமாயர் ஆக முடியாது. சிறுதிறன்கள் எவை? பிசுக்கெடுத்தல், வடிகட்டி மாற்றுதல், குப்பை பிரித்தல், கசிவடைத்தல்.

மாயவர்கள் கொதித்தார்கள். "இடியை வரவழைக்கிறவன் எதுக்குய்யா சட்டி கழுவணும்?" என்று நல்லசிவமே முதலில் கேட்டார். ஆனால் பட்டத்தின் ருசி வேறு. இரண்டே வாரத்தில் அவர் சிறுதிறன் வளர்ப்பதில் நிபுணராகிவிட்டார். பாழடைந்த கோயில் மடைப்பள்ளியில் ஒரே உருளியை அறுநூறு தடவை துலக்கினால் பிசுக்கெடுத்தல் இரண்டு படி ஏறும். வெளிச்ச மந்திரத்தைப் பாதி அளவில் போட்டுக்கொண்டால் மந்திரக்கோலில் சக்தி மிச்சமாகும். கசிவடைக்கும் முன் கோலை மூன்று சுழற்று சுழற்றித் தட்டினால் கை நடுங்காது. இதையெல்லாம் பதினான்கு பாகங்களாக எழுதி வெளியிட்டார். முன்னுரை மட்டும் ஒன்பது பக்கம். தான் சாப்பிட்ட தட்டை ஒரு நாளும் எடுத்து வைத்ததில்லை என்ற செய்தி அதில் இல்லை.

புதன்கிழமை வடிவுக்கு விடுப்பு. பத்து மணிக்குத் தரைக்கடியில் கரகரவென்று சத்தம் கேட்டது. ஒன்றரை சாண் உயரப் பொந்துக்குள் ஒரு தொலைக்கை ஊர்ந்து வந்திருந்தது. வடிவு தரையின் கம்பி மூடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

தொலைக்கை கசிவின் அருகே போய் நின்றது. ஒரு கையைத் தூக்கியது. மூன்று சுழற்று சுழற்றியது. தட்டியது. பிறகு பசையை எடுத்துப் பூசியது.

வடிவு தலையை நிமிர்த்தினாள். கூடத்தின் நடுவில் நல்லசிவம் கவசமும் கையுறையும் மாட்டி நின்றுகொண்டிருந்தார். வலது கை மேலே போனது. மூன்று சுழற்று. ஒரு தட்டு. "விஷநாகத்தின் நாளமே, அடங்கு!" என்றார் கம்பீரமாக. தரைக்கடியில் பசை அடுத்த வளையம் சுற்றியது.

அவள் எழுந்து போய் அவர் இடுப்பில் ஒரு குத்து விட்டாள். நல்லசிவம் துள்ளினார். தரைக்கடியில் தொலைக்கையும் துள்ளி, தலையை இடித்துக்கொண்டது.

வடிவுக்குச் சிரிப்பு வந்தது.

"கழட்டுங்க அதை. இங்க வாங்க. குனிஞ்சு பாருங்க."

"ஏய், நாகம் தப்பிச்சுரும்..."

"நாகமும் இல்ல, கீகமும் இல்ல. நம்ம வீட்டுக் குழாய். நீங்கதான் அடைச்சிட்டிருக்கீங்க. கையை ஆட்டிப் பாருங்க."

நல்லசிவம் குனிந்து பார்த்தார். சுண்டுவிரலை ஆட்டினார். கீழே ஒரு சின்ன இடுக்கி ஆடியது. இன்னொரு தடவை ஆட்டினார். ஆடியது.

"நல்லா பூசியிருக்கீங்கங்க," என்றாள் வடிவு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரைப் பாராட்டிய மூன்றாவது தடவை அது. "நாளைக்கு இன்னொரு பூச்சு போட்டா போதும். குளிர்ல வெடிக்காது. சோதனையில தப்பிச்சுரலாம்."

அவர் முகம் மாறிக்கொண்டிருந்தது. முதலில் வெளுப்பு, பிறகு சிவப்பு.

"நாலு மாசம்!" என்று கத்தினார். "நாலு மாசமா என்னைய ஊரான் வீட்டுச் சட்டியக் கழுவ வச்சிருக்கானுங்க! அந்த உருளி... அறுநூறு தடவை... அது எவன் வீட்டு உருளிடி?"

"பாசித்தொட்டி அடுப்படியோடதா இருக்கும். இப்பல்லாம் பளபளன்னு இருக்கு."

"சிரிக்காத! மானம் போயிருச்சு."

"சட்டி கழுவுனா மானம் போகுமா? அப்ப எனக்கு எந்த வருஷம் போச்சு?"

நல்லசிவம் கையுறையைக் கழற்றிச் சுவரில் எறிந்தார். தரைக்கடியில் தொலைக்கை ஆறு கைகளையும் விரித்துச் சரிந்தது.

மதியத்துக்குள் செய்தி கூண்டு முழுக்கப் பரவியது. சாயங்காலம் மாயவர் பேரவை கூடியது. மறுநாள் காலை ஊர்வலம். உண்மையான அங்கிகள், உண்மையான கோல்கள். அங்கிகளை முதல்நாள் வேலை முடிந்து வந்து தைத்துக் கொடுத்தவர்கள் மனைவிமார். "மாயவர் கை கரண்டி பிடிக்காது!" என்ற முழக்கம் கூண்டின் கூரையில் மோதித் திரும்பி வந்தது. முன்வரிசையில் நல்லசிவம். வீடே போனாலும் பரவாயில்லை, மரியாதைதான் முக்கியம் என்று பேசினார். பலத்த கைதட்டல். வீடு யாருடைய காலில் தோல் உரிந்து வந்தது என்று எவரும் கேட்கவில்லை.

நாலாயிரம் தொலைக்கைகளும் நின்றன. வடிகட்டிகள் அடைத்தன. அடுப்படிகளில் அழுக்கு நீர் தேங்கியது. வடிவின் வீட்டில் ஒற்றைப் பூச்சு குளிரில் மெல்ல வெடிக்கத் தொடங்கியது.

அவள் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நிர்வாகத்துக்குப் போனாள். அங்கே மேசைக்குப் பின்னால் மேலாளர் இயந்திரம் வீற்றிருந்தது. அதை ஐயா என்று அழைக்காவிட்டால் காது கேட்காது.

"ஐயா, அந்தக் கையை நானே ஓட்டுறேன். ஒரு மணி நேரம் குடுங்க."

"தங்கள் ஆர்வம் பாராட்டுக்குரியது. ஆனால் புதிய பெயரில் சேர்பவர் முதலாம் படியில் தொடங்க வேண்டும். முதலாம் படிக்குக் குப்பை பிரித்தல் மட்டுமே அனுமதி. கசிவடைக்க இருபதாம் படி தேவை."

"இருபது வருஷமா வீட்டுல இதைத்தான் செய்யுறேன்."

"வீட்டில் செய்வதற்குப் படி கிடையாது, அம்மா."

வடிவு மேசையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்த பிடியில் அது லேசாக முனகியது. "சரி. அவர் பேரு இருபத்தாறுல இருக்கு. அவர் கவசத்தை வேற ஒரு ஆள் போடக்கூடாதுன்னு விதி இருக்கா?"

மேலாளர் இயந்திரம் இரண்டு விநாடி யோசித்தது. அதற்கு அது நீண்ட காலம். "அதைப் பற்றி விதி மௌனம் சாதிக்கிறது. நானும் சாதிக்கிறேன்."

வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுப் பிலோமினா வாசலில் நின்றாள். "அக்கா, எங்க வீட்டுல கணுக்கால் வரைக்கும் அழுக்குத் தண்ணி. அந்த மனுஷன் கோலைத் தூக்கிட்டு ஊர்வலம் போயிருக்காரு."

"உள்ள வா. நீ அந்த விளையாட்டைத் தொட்டதே இல்லையா?"

"நமக்கும் விளம்பரம் வந்துச்சேக்கா. வீட்டுலயும் சட்டி, விளையாட்டுலயும் சட்டியான்னு தூக்கிப் போட்டுட்டேன்."

வடிவு கவசத்தை மாட்டினாள். எண்ணெய்ப் பிசுக்கு நெற்றியில் ஒட்டியது. அடுத்த கணம் அவள் ஒரு கற்குகையில் முழங்கால் வரை தாடியுடன் நின்றாள். "வருக, மாயவர் பிரளயகேசரி!" என்று முழங்கியது ஒரு குரல். தாடி தடுக்கியது. அதை எடுத்துத் தோளில் முந்தானை மாதிரி போட்டுக்கொண்டாள். எதிரே விஷம் கசியும் நாக நாளம்.

"நீ எனக்குக் குழாய்தான்," என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கினாள். கோலைச் சுழற்றவில்லை. வெடித்த பூச்சைச் சுரண்டி எடுத்து, ஈரம் துடைத்து, வெடிப்பின் இரண்டு பக்கமும் நாலு விரல் தள்ளிப் பிடித்துப் பசை பூசினாள். நாற்பது நிமிஷம். நல்லசிவம் மூன்று வாரமாக நகர்த்த முடியாத படி இருபத்தேழு ஆனது, இருபத்தெட்டு ஆனது. அதே பொந்தில் இன்னும் நாலு வீட்டுக் கசிவுகள் கண்ணில் பட்டன. அவற்றையும் விடவில்லை. ஐந்தாவது முடிந்தபோது எக்காளம் ஒலித்தது. வானத்திலிருந்து மலர்கள் விழுந்தன. இருபத்து நான்கு சிறுதிறன்களில் கடைசியும் முப்பதைத் தொட்டிருந்தது.

அவள் கவசத்தைக் கழற்றியபோது பிலோமினா தன் வீட்டுக் கவசத்தைத் தேடி ஓடிக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் அடுத்த அரை மணி நேரத்தில் எத்தனை பெண்களுக்குத் தாடி முளைத்தது என்பதற்குச் சரியான புள்ளிவிவரம் இல்லை.

வெள்ளிக்கிழமைச் சோதனையில் நான்காம் கூண்டின் எல்லா வீடுகளும் தேறின. வடிவின் கதவு வடிவிடமே இருந்தது. அன்று காலையே விளையாட்டின் அறிவிப்புப் பலகை முந்நூற்றுப் பன்னிரண்டு புதிய மகாமாயர்களின் பெயர்களை வெளியிட்டது. முதல் பெயர் பிரளயகேசரி.

நல்லசிவம் பலகையை மூன்று தடவை படித்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"நீயா?"

"நான்தான்."

அவர் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். அங்கே தாடி இல்லை, ஆனாலும் தடவினார். "இருபத்தாறு வரைக்கும் நான் கொண்டு வந்ததுதானே? கடைசி நாலு படிதான் நீ. அஸ்திவாரம் என்னோடது."

"கரண்டி பிடிக்க மாட்டேன்னீங்க?"

"அது கொள்கை. இது பட்டம்," என்றார் நல்லசிவம்.

வேலைநிறுத்தம் அன்றே முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா. மகாமாயர்களுக்குப் பொன்னாடை, வெள்ளிக் கோல், ஆளுக்குப் பத்து நிமிஷம் ஏற்புரை. நல்லசிவம் முப்பத்தைந்து நிமிஷம் பேசினார். "சிறு வேலை என்று உலகில் ஒன்றுமில்லை! துலக்கும் கைகளே துலங்கும் கைகள்!" என்று அவர் முழங்கியபோது முன்வரிசையில் கண்ணீர் மல்கியது. பிறகு சாதனையாளரின் துணைவியாரை மேடைக்கு அழைத்து, ஒரு பூங்கொத்தும் ஒலிவாங்கியும் கொடுத்தார்கள்.

வடிவு பூங்கொத்தைக் கீழே வைத்தாள். "இவருக்கு எங்க வீட்டுக் குழாய் எந்தப் பக்கம் திரும்பும்னே தெரியாது," என்றாள் தெளிவாக. "அடைச்சது நான். இந்த முந்நூத்துப் பன்னிரண்டு பேர்ல ஒருத்தர்கூட ஒண்ணும் செய்யல. நாங்கதான் செஞ்சோம்."

அரங்கம் அதிர்ந்தது. இவ்வளவு நகைச்சுவை உணர்வுள்ள மனைவி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று தலைவர் சொன்னார். நல்லசிவம் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். விழா முடிந்ததும் ஆயிரத்து நூறு தட்டுகள் கிடந்தன. மகாமாயர்கள் படம் எடுக்கப் போய்விட்டார்கள்.

அடுத்த மூன்று மாதங்களில் நான்காம் கூண்டில் ஒரு கசிவுகூட இல்லை. வியாழன் மண்டலத்தின் எந்தக் குடியிருப்பிலும் இப்படி நடந்ததில்லை என்பதால், பூமியிலுள்ள தலைமையகம் என்ன புதிய தொழில்நுட்பம் பயன்படுத்தினீர்கள் என்று விளக்கம் கேட்டது. மேலாளர் இயந்திரம் தன் வழக்கத்துக்கு மாறாகச் சுருக்கமாகப் பதில் எழுதியது:

"புதிதாக எதுவும் பயன்படுத்தவில்லை. வேலை ஒருவர் பெயரில் இருக்கிறது, இன்னொருவர் செய்கிறார். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த பெருமை எங்களைச் சேராது. விசாரித்ததில், பூமியிலிருந்து கிளம்பும்போதே இதை இவர்கள் கையோடு கொண்டுவந்ததாகத் தெரிகிறது. சாமான் பட்டியலில் மட்டும் எழுதவில்லை."