திரும்பி வரும் காட்சிகள்

"அப்பம் ஒவ்வொரு ரோட்டயும் சைக்கிள்ல ரெண்டு தடவ சவிட்டணும், இல்லியா?" என்று கிருபாபாய் அன்று கேட்டாள்.

"ரெண்டில்ல, மூணு," என்றான் அவள் புருஷன் ராபின்சன். "காமெராவ மைல்கல்லுக்க மேல ஓட விட்டுட்டுப் போணும். திரும்பி வந்து எடுக்கணும். எடுத்துட்டு மறுபடி போணும். எல்லாரும் காஷ்மீருக்கு ஒரு தடவ போவான், நான் மூணு தடவ போவேன்."

"பாதிப் படத்திலயும் உங்க மூஞ்சியாக்கும் வரும்."

"அத நீ தெனமும் பாக்குதியே, ஊருகாரனுக்கு எதுக்கு? வாறத எல்லாம் வெட்டிக் களஞ்சிரு. போறது மட்டும் போரும்."

முன்னறையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் சங்கிலியைத் துடைத்துக்கொண்டே அவன் சொன்னது இது. தனுவச்சபுரத்தில் ஒரு பாரலல் காலேஜில், தனியார் டுட்டோரியலில், பூகோளம் எடுத்துக்கொண்டிருந்தவன். பிள்ளைகளுக்கு வரைந்து காட்டிய சாலைகளில் ஒரு தடவையாவது போக வேண்டும், அதை ஒரு புத்தகமாகவும் படமாகவும் ஆக்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. பதிப்பாளரும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம். அவன் எழுதுவான், அவள் படத்தை ஒட்டிச் சேர்ப்பாள். அவள் வேலையே அதுதான். பாறசாலையில் சஜியின் வீடியோ கடையில் கல்யாணக் கேசட்டுகளை வெட்டி ஒட்டுகிறவள்.

மறுநாள் விடியற்காலையில் குன்னத்துகால் வீட்டு வாசலில் நின்று வழியனுப்பினாள். ரப்பர்த் தோட்டத்து வளைவில் அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும் என்றிருந்தது. கூப்பிட்டிருந்தால் பார்த்திருப்பான். பார்த்தால் தன் கண்ணைக் கண்டுவிடுவான், கண்டால் போகமாட்டான். அதனால் அந்த ஒரு வார்த்தையைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். நீலச் சட்டை முதுகும், கேரியரில் கட்டிய போர்வைச் சுருட்டும் வளைவில் மறைந்தன.

மத்தியப் பிரதேசத்தில் ஒரு லாரி மோதியது. ரயிலில் வந்த பெட்டி ஆணியடித்திருந்தது. சபைப் போதகர் இரண்டு கையையும் மூடியின் மேல் வைத்து, திறக்க வேண்டாம் மகளே என்றார்.

வழியிலிருந்து அவன் தபாலில் அனுப்பிய கேசட்டுகளையும் எழுதிய நோட்டுகளையும் ஒரு வருஷம் கழித்துத்தான் அவளால் தொட முடிந்தது. ஆடிக்கு இணையான கர்க்கடக மாதத்தில் இந்துக் கல்யாணங்கள் இல்லாததால் கடையின் இரண்டு வீடியோ டெக்கும் சும்மா கிடந்தன. மழை ஓட்டில் இரைய, அவள் அவன் சொன்னபடியே செய்தாள். மைல்கல்லிலிருந்து அவன் போவான், சாலை அவனை ஒரு புள்ளியாக்கி விழுங்கும், அங்கே வெட்டுவாள். வேர்த்த முகத்தோடு சிரித்துக்கொண்டு அவன் திரும்பி வந்து, குனிந்து, காமெராவை அணைக்கிற காட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, அழுது, படத்தில் சேர்க்காமல் விட்டாள். படம் முடிந்தது. அவன் போய்க்கொண்டே இருந்தான்.

புத்தகத்தில்தான் முதலில் ஒரு சின்னக் கோளாறு. நெய்யாற்றின்கரை அச்சகத்தில் பின்னட்டைக்கு அவன் முகம் கேட்டார்கள். கல்யாணப் படத்தைக் கொடுத்தாள். பிளாக்கில் கோட்டும் டையும் அழகாக விழுந்தன, கழுத்துக்கு மேலே மை அப்பிய கறுப்பு. இரண்டாம் தடவையும் அப்படியே. மழைக்காலம் அல்லவா, படத்தில் பூஞ்சை பிடித்திருக்கும் என்றார் அச்சகக்காரர். வீட்டுக்கு வந்து விளக்கடியில் படத்தை உறையிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அவள் பக்கம் பளிச்சென்றிருந்தது. அவன் முகத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு படலம்.

அன்றிரவு கண்ணை மூடிக்கொண்டு அவன் முகத்தை நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. முதுகுதான் வந்தது.

விடிந்ததும் கடைக்கு ஓடினாள். மூலக் கேசட்டுகளில் அவன் திரும்பி வருவானே. ஆவணியான சிங்ஙம் பிறந்து கல்யாணங்கள் குவிந்திருந்தன. சஜி காமெராவுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தான்.

"வலது தட்டில இருந்ததத்தான் எடுத்தேன், சேச்சி," என்றான். "நீங்க வச்சதுதானே?"

வலது தட்டு என்றால் வேலை முடிந்த கேசட்டுகள். கல்யாண வீட்டுக்குப் படம் கொடுத்த பிறகு மூலக் கேசட் எதற்கு? அடுத்த கல்யாணத்தை அதன் மேலேயே எடுத்துவிடுவார்கள். கடையின் வழக்கம் அது. எத்தனையோ மணமக்களை அவளே அப்படி அழித்திருக்கிறாள். கடைசி வெட்டு முடிந்த அன்று, அழுத கண்ணோடு, பழகிய கை தானாகவே அவனையும் வலது தட்டில் அடுக்கியிருக்கிறது. சஜி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். தாலிகட்டு, பந்தி, குலவை. சைக்கிள் எதிலும் இல்லை. பிறகு பழைய டெக்கை அவளோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டான்.

வீட்டில் ஒரு கேசட் மிச்சமிருந்தது. காமெராவோடு போலீசார் கொடுத்தது, கடைசிச் சாலை. அவன் போய் மறைகிற வரைக்கும்தான் அவள் அதைப் பார்த்திருக்கிறாள். காமெராவை எடுக்க அவன் திரும்பி வரவில்லை, அதற்கு அப்பால் நாடா தீரும் வரை ஆளில்லாத சாலைதான் இருக்கும் என்று தெரியும்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஈர ரப்பர்ப்பாலின் புளித்த நாற்றம் ஜன்னல் வழியே வந்தது. கேசட்டைப் போட்டாள். நீலச் சட்டை போயிற்று, சிறுத்தது, மறைந்தது. சாலை கிடந்தது. இரு பக்கமும் புளியமரங்கள், நடுவே வெயில், எங்கோ ஒரு ஆட்டின் கத்தல். அவள் நிறுத்தவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு, வீட்டு ஆள் வர நேரமானால் பெண்கள் பாதையைப் பார்ப்பதுபோல் அந்தச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது.

முதலில் திரையில் தூசி என்று நினைத்து முந்தானையால் துடைத்தாள். புள்ளி பெரிதாயிற்று. சங்கிலியின் கிறீச்சொலி மெல்லக் கேட்டது. நீலம். அவன்தான். வாய்விட்டு அழுதாள். திரும்பி வந்திருக்கிறான், யாரும் பார்க்காத கேசட்டின் முடிவில் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறான்.

சைக்கிள் இன்னும் அருகில் வந்தது. அவள் அழுகை நின்றது.

முன்னால் தெரிந்தது போர்வைச் சுருட்டு. அதற்குப் பின்னால் சட்டையின் முதுகு, வேர்வையில் ஒட்டியது. அவன் அவளை நோக்கி வந்துகொண்டிருந்தான், முதுகைக் காட்டிக்கொண்டு. கேசட் பின்னோக்கி ஓடுகிறதோ என்று டெக்கைப் பார்த்தாள். எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. திரையில் ஒரு ஆடு ஒழுங்காக முன்னால் நடந்து சாலையைக் கடந்தது.

வருகிற காட்சிகளை எல்லாம் அவள் அழித்துவிட்டாள். அவனுக்கு மிஞ்சியது இந்த முதுகு ஒன்றுதான்.

குனிந்து காமெராவை அணைக்கிற இடம் வந்தது. அவன் நிற்கவில்லை. நீலம் திரையை நிறைத்தது. கடந்துபோயிற்று.

கரண்டு போனது. விசிறி நின்றது. தெருவெல்லாம் இருட்டு. டி.வி.யில் மட்டும் அந்தச் சாலை, வெயிலோடு.

கிறீச். இப்போது திரையிலிருந்து வரவில்லை. ரப்பர்த் தோட்டத்து வளைவில். பிறகு வாசலில். ஸ்டாண்டு போடுகிற சத்தம்.

மண்ணெண்ணெய் வாசனை. கதவு.

அவள் தலையைத் திருப்பினாள். திரையின் வெளிச்சம் எட்டுகிற இடத்தில் அவன் நின்றான். நீலச் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கதவைப் பார்த்தபடி, அவளுக்கு முதுகு காட்டி. புறப்படப்போகிறவன்போல.

ஓட வேண்டும் என்று கால் சொன்னது. அவள் ஓடவில்லை. இந்தத் தடவையும் பேசாமல் இருந்தால் போய்விடுவான்.

"ஒருக்கா என்னத் திரும்பிப் பாருங்க."

தோள் அசைந்தது. மெல்ல, பிரியத்தோடு, முழுசாக அவள் பக்கம் திரும்பினான்.

அங்கேயும் பின்தலை. ஈர முடி. சட்டைக் காலர்.