பெயர் வெட்டாத டம்ளர்

2003ஆம் ஆண்டு மே மாதம் பதினோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலை வைத்திருந்த நவநீதகிருஷ்ணன் வீட்டுக்குப் பாத்திரம் கழுவும் மிஷின் வந்தது.

அந்தத் தெருவுக்கு அதுதான் முதல் மிஷின். அக்கம்பக்கத்தார் வந்து கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான்காம் நாளே ஒரு குறை தெரிந்தது. மிஷினிலிருந்து வெளியே வந்த டம்ளர்கள் எல்லாம் சுண்ணாம்பு தடவியது போல வெளுத்திருந்தன.

"இது கழுவுத மிஷினா, வெள்ளையடிக்குத மிஷினா?" என்று கேட்டார் வெயிலம்மாள். எட்டு வருடமாக அந்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர் அவர்.

மெக்கானிக் மணிராஜ் வந்து பார்த்தார். "மிஷின் மேல தப்பில்லக்கா. உங்க போர் தண்ணி அப்படி. இதுக்குன்னு தனி உப்பு இருக்கு, அதைப் போடணும்" என்றார்.

"ஏற்கெனவே உப்புத் தண்ணி. அதுல இன்னும் உப்பா?" என்றார் நவநீதகிருஷ்ணனின் மனைவி காளீஸ்வரி.

அந்த உப்பு மதுரையிலிருந்து வரவேண்டும். அதுவரை ஒவ்வொரு டம்ளரையும் வெயிலம்மாள் துணியால் துடைத்து வைத்தார்.

அவர்கள் மகள் சுதாராணிக்குப் பதினொரு வயது. கோடை விடுமுறை. மிஷினில் பாத்திரம் அடுக்குவது அவளுக்குப் பிடித்த விளையாட்டாகிவிட்டது.

மே மாதக் கடைசியில் ஒரு காலை அவள் அடுக்கி முடித்தபோது, மேல்தட்டில் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். கொல்லைக் கதவுக்கு வெளியே, மதில்மேல் வெயிலம்மாளின் காபி டம்ளர் கவிழ்ந்திருந்தது.

வீட்டிலிருந்த எல்லாப் பாத்திரங்களிலும் 'ந.கி.' என்று பெயர் வெட்டியிருந்தது. அந்த டம்ளரில் மட்டும் இல்லை. அம்மா காபியை அதில் உயரத்திலிருந்து ஊற்றுவார். வெயிலம்மாள் குடித்துவிட்டுத் தானே கழுவி, மதில்மேல் கவிழ்ப்பார். நினைவு தெரிந்ததிலிருந்து சுதாராணி பார்ப்பது அது. ஏன் என்று அவள் கேட்டதில்லை.

இதுவும் குளிக்கட்டுமே என்று அந்த டம்ளரை எடுத்து வைத்து, பொத்தானை அமுக்கினாள்.

அன்று சாத்தூரிலிருந்து சுப்புத்தாய் அத்தை வந்திருந்தார். மிஷின் நின்றதும் தண்ணீர் குடிக்க ஒரு டம்ளரை எடுத்தார். திருப்பிப் பார்த்தார்.

"ஏ காளீஸ்வரி, இதுல பேரக் காணோமே. யாரு டம்ளரு?"

அம்மாவின் முகம் மாறியது. "அது... வெயிலம்மா டம்ளரு மதினி."

"நம்ம பாத்திரத்துக்குள்ளயா போட்டு வச்சிருக்கீய? யாரு பாத்த வேல இது?"

சுதாராணி பக்கத்தில்தான் நின்றாள். சொல்ல வாய் வரவில்லை. துடைக்கும் துணியோடு வாசற்படியில் நின்ற வெயிலம்மாள் அவளை ஒரு தடவை பார்த்தார்.

"நாந்தாம்மா. கவனிக்காம வச்சிட்டேன்" என்றார் வெயிலம்மாள்.

"எல்லாத்தையும் வெளிய எடு. புளி போட்டுத் தேயி!"

வெயிலம்மாள் கொல்லையில் உட்கார்ந்து அத்தனை பாத்திரங்களையும் தேய்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. புளி பட்டதும் வெள்ளைப் படலம் போய் டம்ளர்கள் பளபளத்தன.

"பாத்தியா, இப்பத்தான் சுத்தம்" என்றார் அத்தை.

மறுநாள் வெயிலம்மாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அத்தை ஊருக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள் சுதாராணி.

"அம்மா, அந்த டம்ளர மிஷின்ல வச்சது நாந்தான்."

அம்மா திரும்பினார். "அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"அத்தை ஏசுவாங்கன்னு பயமா இருந்துச்சு." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "அம்மா, வெயிலம்மாக்கா டம்ளர் பட்டா நம்ம பாத்திரம் அழுக்காயிரும்னா, அக்கா கையால தேச்சா மட்டும் எப்படிச் சுத்தமாகும்?"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அம்மா அதை மூடிவிட்டுக் கையைத் துடைத்தார்.

"செருப்பப் போடு. போயிட்டு வருவோம்."

வெயிலம்மாளின் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவர் பாயை விரித்து இருவரையும் உட்கார வைத்தார். சுதாராணிக்கு உட்கார முடியவில்லை.

"அக்கா, டம்ளர வச்சது நான். நீங்க ஏச்சு வாங்கும்போது நான் பேசாம நின்னுட்டேன்."

"தெரியும் பாப்பா. நீ வைக்கும்போதே பாத்தேன்."

"பின்ன ஏன் எடுக்கல?"

வெயிலம்மாள் சேலை முந்தானையை விரலில் சுற்றினார். "எடுக்கத்தான் வந்தேன். அப்புறம், ஒரு நாளாவது எல்லாத்தோடயும் சேந்து கெடக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"எம்மேல கோவமாக்கா?" என்று கேட்டாள் சுதாராணி.

"கோவமெல்லாம் இல்ல. நீ வாயத் தொறப்பேன்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

சுதாராணியின் கண்கள் நிறைந்தன. வெயிலம்மாள் எழுந்து போய் இரண்டு டம்ளர்களில் தண்ணீர் கொண்டுவந்தார். அவற்றில் வெள்ளைத் திட்டு ஒன்றுகூட இல்லை. சுதாராணி மடமடவென்று குடித்தாள். அம்மா டம்ளரைக் கையில் வைத்திருந்தார். மகளைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து ஊற்றாமல், வாய் வைத்து, முழுவதையும் குடித்தார்.

"நாளைக்கு வாரியா வெயிலம்மா?"

"இல்லம்மா. கடலைமிட்டாய் போடுத எடத்துல வேலைக்குச் சொல்லிட்டேன். நல்லா இருப்பீய, போயிட்டு வாங்க."

திரும்பும்போது ரயில் கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் மெதுவாகப் போனது.

ஜூன் இரண்டாம் வாரத்தில் வெள்ளைத்தாய் என்பவர் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்கென்று தனி டம்ளர் வைக்கவில்லை.