பூஜைக்கு ஓய்வெடுத்த பிரிண்டர்

சுவேதாவின் கைக்கடிகாரத்துக்கு நேற்றுதான் புது பேட்டரி போட்டார்கள். போட்டதும் அது 'ஜனவரி 1' என்று காட்டியது.

"அக்டோபர் மாசத்துல புது வருஷம் பொறந்துடுச்சா? கேக் வாங்கிட்டு வரட்டுமா?" என்று அம்மா யுவராணி விழுந்து விழுந்து சிரித்தார்.

சுவேதாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இன்று காலை பஸ்ஸில் உட்கார்ந்து எல்லாப் பொத்தான்களையும் அமுக்கிப் பார்த்தாள். அம்பத்தூர் தொழிற்பேட்டை நிறுத்தம் வருவதற்குள் சரியான தேதியை வைத்துவிட்டாள்.

காலாண்டு விடுமுறை. கள்ளிக்குப்பத்து வீட்டில் அவள் தனியாக இருக்க வேண்டாம் என்று அம்மா தன் அலுவலகத்துக்கு அழைத்து வந்திருந்தார். குழாய்களுக்கு ரப்பர் வளையம் செய்யும் சின்னத் தொழிற்சாலை அது. முன்பக்கம் அலுவலகம், பின்பக்கம் இயந்திரங்கள். ஆயுதபூஜை முடிந்து இன்றுதான் திறந்திருந்தார்கள். எல்லா இயந்திரத்திலும் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. அலுவலகத்து பிரிண்டரின் நெற்றியிலும் பெரிய பொட்டு!

அந்த பிரிண்டர் மேல் அம்மாவுக்குத் தனிப் பெருமை. தாளை வைத்து ஒரு பொத்தானை அமுக்கினால் அதுவே படம் பிடித்து, அதுவே மெயில் அனுப்பிவிடும். அதற்காக அம்மா முகவரி, கடவுச்சொல், இன்னும் என்னென்னவோ எண்களை எல்லாம் அதன் குட்டித் திரையில் தட்டித் தட்டி ஏற்றியிருந்தார். தப்பாகத் தட்டி, அழித்து, மறுபடி தட்டி, ஒருவழியாக முதல் மெயில் போனபோது அலுவலகத்தில் எல்லோருக்கும் தேங்காய் பிஸ்கட் கொடுத்தார்.

ஆனால் இன்று அம்மாவின் முகம் வாடியிருந்தது.

"அனுப்பியாச்சுன்னு காட்டுது சார். ஆனா அங்க போய்ச் சேரலையாம்" என்றார்.

முதலாளி தினகரன் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ரப்பர் வளையங்களை ஏற்றிக்கொண்டு போன வண்டி பூந்தமல்லி பக்கத்தில் ஒரு கம்பெனி வாசலில் நின்றுகொண்டிருந்தது. சரக்கு நன்றாக இருக்கிறது என்று முதலாளி கையெழுத்துப் போட்ட தாள் மெயிலில் வந்தால்தான் அங்கே கேட்டைத் திறப்பார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் வராவிட்டால் வண்டி அப்படியே திரும்ப வேண்டியதுதான்.

"ஃபோன்ல படம் எடுத்து அனுப்பலாமேம்மா?" என்றாள் சுவேதா.

"படமெல்லாம் வாங்க மாட்டாங்கடா. ஸ்கேன் பண்ணி, இந்த மெஷின்ல இருந்துதான் வரணுமாம். அவங்க சட்டம்."

அம்மா மறுபடி பொத்தானை அமுக்கினார். 'அனுப்பப்பட்டது' என்றது பிரிண்டர், எதுவுமே நடக்காதது போல. அந்தக் கம்பெனியில் மெயில் பார்க்கும் பத்மா மேடம் ஃபோன் செய்தார். "இன்னும் வரலையே" என்றார்.

முதலாளியின் பார்வை பிரிண்டரின் பொட்டில் விழுந்தது. "யாரு இதுக்குப் பொட்டு வெச்சது? துலுக்கானம்!"

துலுக்கானம் பின்பக்கத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ரப்பரை அழுத்தும் பெரிய இயந்திரத்தை ஓட்டுபவர் அவர். ஒவ்வொரு வருடமும் ஆயுதபூஜையை அவர்தான் முன்னின்று நடத்துவார்.

"நான்தான் மொதலாளி. இன்னா ஆச்சு?"

"என்ன ஆச்சா? குங்குமம் உள்ள போயி மெஷின் கெட்டுப்போச்சு! மொதல்ல அதைத் துடை. இனிமே ஆபீஸ் பொருள் எதையும் நீ தொடாதே!"

துலுக்கானம் ஈரத்துணி கொண்டுவந்து பொட்டைத் துடைத்தார். பிறகு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் தலை குனிந்திருந்ததைச் சுவேதா பார்த்தாள்.

அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூஜையில் கொடுத்த பொரிகடலைப் பொட்டலத்தை அவரிடம் நீட்டினாள்.

"சாப்பிடுங்க மாமா."

"வேணாம் பாப்பா. நீ துன்னு."

"பொட்டு வெளியிலதானே வெச்சீங்க? உள்ள எப்படிப் போகும்?"

"அதத்தான் நானும் நெனச்சிகினு கீறேன். பூஜைன்னா மெஷினுங்களுக்கு லீவு. எல்லாத்துக்கும் ரெஸ்ட்டு குடுத்தேன். இதுக்கு மட்டும் குடுக்கலன்னா அதுக்கு மனசு கஷ்டமா இருக்காதா? ஒயரைப் புடுங்கி, அழகா சுத்தி வெச்சேன். இன்னிக்கு காலைல வந்துதான் சொருவுனேன். வேற ஒண்ணியும் பண்ணல."

சுவேதா வாயில் போட்ட கடலையை மெல்லவே மறந்துவிட்டாள்.

"ஒயரையே பிடுங்கிட்டீங்களா?"

"ஆமா. சுட்ச்சி மட்டும் ஆஃப் பண்ணா அது முழு ரெஸ்ட்டு ஆவுமா?"

சுவேதா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பழைய பேட்டரியைக் கழற்றியதும் இதுவும் முழு ஓய்வு எடுத்தது. எழுந்ததும் என்ன சொன்னது?

அவள் ஒரே ஓட்டமாக உள்ளே ஓடினாள். பிரிண்டரின் குட்டித் திரையை எட்டிப் பார்த்தாள். மூலையில் எறும்பு மாதிரி சின்ன எழுத்து.

"அம்மா! இதுவும் ஜனவரி ஒண்ணுன்னு சொல்லுது! வருஷம் 2015!"

"என்னது?" அம்மா குனிந்து பார்த்தார். "அட ஆமா!"

"தேதி தப்பா இருந்தா மெயில் போகாதா?" என்றார் முதலாளி.

"போயிருக்கும் சார்" என்றாள் சுவேதா. "பழைய தேதி போட்டுப் போயிருக்கும். புது மெயில்தானே மேல நிக்கும்? பழசெல்லாம் அடியில போயிடும்ல? அவங்க மேலயே பார்த்துட்டு இருப்பாங்க."

அம்மா உடனே ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"பத்மா மேடம், ஒரு உதவி. மெயில்ல கீழ போய்ப் பாருங்க. இன்னும் கீழ. 2015 ஜனவரி வரைக்கும் போங்க."

"அந்த வருஷம் நான் இங்க வேலைக்கே சேரலையேம்மா!"

"பரவால்ல மேடம், போய்ப் பாருங்க."

எல்லோரும் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துலுக்கானமும் வாசலில் எழுந்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வெடித்தது.

"இருக்கு! ஒண்ணு இல்ல, வரிசையா ஒரு கூட்டமே இருக்கு! ஏம்மா, நான் வேலைக்குச் சேருறதுக்கு முன்னாடியே சரக்கு அனுப்பிட்டீங்களா? சரி, தேதியை மாத்தி இன்னொரு தடவை அனுப்புங்க. கேட்டைத் திறக்கச் சொல்றேன்."

பொத்தானை எல்லாம் அமுக்கிப் பழகிய சுவேதாவே தேதியை வைத்தாள். அம்மா அனுப்பினார். 'அனுப்பப்பட்டது' என்றது பிரிண்டர். இந்த முறை உடனே பதில் வந்தது. வண்டி உள்ளே போய்விட்டது என்று டிரைவரும் ஃபோன் செய்தார்.

முதலாளி தொண்டையைச் செருமினார். பிரிண்டரைப் பார்த்தார். அதன் நெற்றி வெறுமையாக இருந்தது.

"துலுக்கானம்... அவசரத்துல கத்திட்டேன். மனசுல வெச்சுக்காதே. சந்தனம் மிச்சம் இருக்கா? பாரு, இது மட்டும் மொட்டையா நிக்குது."

துலுக்கானத்தின் முகம் மலர்ந்தது. "கீது மொதலாளி!" என்று ஓடிப்போய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்தார்.

"மாமா, தேதியை மறைக்காம வைங்க" என்றாள் சுவேதா.

"அடுத்த வருசம் ஒயர் மேல கையே வெக்க மாட்டேன். அது முழிச்சிகினே ரெஸ்ட்டு எடுக்கட்டும்" என்றபடி அவர் அளவாக ஒரு பொட்டு வைத்தார். பிறகு விரலில் மிஞ்சிய சந்தனத்தோடு திரும்பினார்.

"கைய நீட்டு பாப்பா."

சுவேதா நீட்டினாள். துலுக்கானம் அவள் கைக்கடிகாரத்தின் ஓரத்தில், எண்கள் மறையாதபடி, கடுகளவு பொட்டு ஒன்று வைத்தார்.

"இன்னிக்கு நல்லா வேலை பார்த்த மெஷின் இதானே!"