மூன்று தட்டல்கள்

நாற்பத்தெட்டு மணி நேரமாகத் தட்டல் ஓயவில்லை. ஷிப்டுக்கு ஒரு முறை சங்கு ஊதும். பாக்கியவதி ஆறு சங்கை எண்ணியிருந்தாள். குடிசையின் மண்தரையில் காதை வைத்தால், சுரங்க மில்லில் இரும்பு உலக்கைகள் கல்லை இடிக்கும் அதிர்வுக்கும் அடியிலிருந்து, ஈரப் பாறையின் குளிரோடு அது ஏறி வரும். மூன்று தட்டல், ஒரு மூச்சு இடைவெளி, மறுபடி மூன்று. குழிக்குள் இறங்கி ஏறும் கூண்டில் ஆள் ஏற வேண்டும் என்று சுரங்கத்திலிருந்து மேலே சொல்லும் குறி அது. பாறை சரிந்து உள்ளே மாட்டிக்கொண்டவன் அவள் புருஷன் தசரதன் ஒருவன்தான்.

கூலிக்காரர் குடிசை லைனில் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

"காதுல பூச்சி பூந்துருக்கும். எண்ண ஊத்திக்க" என்றாள் அடுத்த குடிசைப் பாப்பம்மா. பிறகு அவளும் வரவில்லை.

மத்தியானம் மைன் ஆஸ்பத்திரியிலிருந்து கம்பவுண்டர் ஏனோக் வந்து அழைத்துப் போனான். மனிதர்களுக்கு எது கேட்கிறது, எது கேட்பதாகத் தோன்றுகிறது என்று சோதித்து எழுதிவைப்பது அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டர் துரையின் வழக்கம்.

"திர பின்னால இரும்புக் கம்பிய தட்டுவேன்க்கா. கேட்டா கைய தூக்கணும். நடுவுல தட்டாம சும்மாவும் இருப்பேன். அப்பவும் தூக்குனா, இல்லாதது உனுக்கு கேக்குதுன்னு அர்த்தம்."

"சரியா தூக்கிட்டா?"

"அண்ணன் மாட்டுன சுரங்க ஷாப்ட மூட வேணாம்னு துரை மேனேஜராண்ட சொல்வாரு." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜன்னல்களைக் கறுப்புக் கம்பளியால் அடைத்திருந்தார்கள். கார்பாலிக் மருந்து நெடிக்கு அடியில் ஈரக் கல்லும் மெழுகுவத்திக் கருகலும் மணத்தன. ஷிப்ட் முடிந்து வரும்போது தசரதன் மேல் அடிக்கும் வாசனை. தன் புடவையில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

திரைக்கு அப்பால் கம்பி மெல்ல ஒலித்தது. கையைத் தூக்கினாள். துரையின் பென்சில் காகிதத்தில் உரசியது. பிறகு மௌனம். ஏமாறக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கையைத் தூக்கவில்லை. மறுபடி கம்பி. தூக்கினாள். மௌனம்.

மூன்று தட்டல்.

தூக்கினாள்.

இரும்பு இல்லை. மரம். கீழேயிருந்தும் இல்லை. இடப்பக்கச் சுவர்.

பென்சில் நின்றது.

"தட்னியா?" என்றார் துரை திரைப் பக்கம் திரும்பி, தன் உடைந்த தமிழில்.

"இல்ல, சார்."

மூன்று. இன்னும் பலமாக. மேஜைமேல் தண்ணீர் டம்ளர் நடுங்கியது.

ஏனோக் திரையை விலக்கிக்கொண்டு வந்தான். கம்பியைத் தட்டும் சுத்தியல் அவனிடம் இல்லை. வலது கை தோளுக்கு மேல் உயர்ந்திருந்தது. தூக்கியது அவனுக்கே தெரியவில்லை.

இரண்டு நாளில் முதன்முறையாக அவள் தனியாக இல்லை.

"உனுக்கும் கேக்குதா, தம்பி? அந்தாண்ட ரூம்ல யாரு?"

"உனுக்கு தெரிஞ்சா சோதன கெட்டுப்பூடும், சொல்லாதன்னு துரை சொன்னாரு, அக்கா."

மூன்று.

"அண்ணன நேத்து காலையிலயே மேல கொண்டாந்துட்டோம். பொட்டியில வெச்சி ஆணி அடிச்சி, அங்கதான் வெச்சிருக்கோம்."