யாரும் போடாத வேகத்தடை

காலை ரோந்துக்குக் கிளம்பிய ஏட்டம்மாவின் ஸ்கூட்டரைப் பள்ளிக்கூட வாசலில் ஏதோ தூக்கிப் போட்டது. நேற்று மாலை வரை அங்கே ஒன்றும் இல்லை. இறங்கிப் பார்த்தாள். சாலையின் குறுக்கே ஓர் ஆள் நீளத்துக்குத் தார் புடைத்திருந்தது. ஜல்லி சிந்தவில்லை, தார் காய்ச்சிய கரித்தடம் இல்லை, சாலையே மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டது போலிருந்தது. தொட்டாள். வெயில் ஏறாத அந்த நேரத்திலும் அது வெதுவெதுவென்றிருந்தது.

செய்தி எப்படித்தான் போனதோ, அரை மணியில் இன்ஸ்பெக்டர் போனில் பிடித்துக்கொண்டார். குவாரி லாரிகள் குலுங்குகின்றனவாம், முதலாளி வருத்தப்படுகிறாராம், ஊர்க்காரர்கள் திமிரெடுத்துப் போட்டதை உடனே பெயர்த்தாக வேண்டுமாம். வேகத்தடை கேட்டு அவள் எழுதிய நான்கு கடிதங்களுக்கு வாயே திறக்காத மனிதர்! பல்லைக் கடித்துக்கொண்டு சரிங்கய்யா என்றாள். இதே சாலையில் லாரியில் அடிபட்டு ஏழு பேர் செத்தபோதும் அதையேதான் சொன்னாள். 'இறந்தவர் கவனமின்றிக் கடந்ததால்' என்று ஏழு அறிக்கைகளிலும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள்.

சாலைப் பணியாளர்கள் கடப்பாரையோடு வந்து பெயர்த்து மட்டம் தட்டினார்கள். முடிகிற வரை எதிர்ப்பக்கம் ஒரு பெண் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாகச் செத்த இரண்டாம் வகுப்புச் சிறுமியின் அம்மா.

யார் போட்டது என்று ஏட்டம்மா அவளிடம் கேட்டாள்.

"நாங்க போடல. எங்களுக்கு யாரு தார் குடுப்பா?" குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். "என் பொண்ணு செத்ததை நீங்க பாக்கவே இல்ல. ஆனா எழுதிட்டீங்க."

ஏட்டம்மாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்தக் கோபம் யார்மேல் என்றுதான் அவளால் சொல்ல முடியவில்லை.

மூன்று மணிக்குச் சாலை மறுபடி புடைத்திருந்தது. இப்போது இரண்டு. பழைய இடத்தில் அல்ல, அவளுடைய புறக்காவல் நிலையத்தை நோக்கி நூறடி தள்ளி. ஐந்து மணிக்கு நான்கு, இன்னும் நெருக்கத்தில். கல்லேற்றிய லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு பறந்தன, ஒன்றுகூடக் குலுங்கவில்லை. சக்கரம் வரும்போது தார் அடங்கிப் படுத்தது, போனதும் எழுந்தது. லாரிகள் அதற்கு இனி ஒரு பொருட்டில்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு நிலைய வாசலெதிரே ஏழு மேடுகள் வரிசையாகக் கிடந்தன. கடைசியில் கிடந்தது மட்டும் குட்டை.

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ஒரே அறை, ஒரு மேஜை, ஓர் இரும்பு அலமாரி, விட்டுவிட்டு எரியும் குழல்விளக்கு. சன்னல்களைச் சாத்திய பிறகும் கொதிக்கும் தாரின் நெடி கூடிக்கொண்டே போய்த் தொண்டையைக் கரகரக்க வைத்தது. இன்ஸ்பெக்டரை அழைத்தாள்.

"அறிக்கைய மாத்தி எழுதப் போறேங்கய்யா. ஏழையும்."

"எழுதினது எழுதினதுதான்" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி அவரைத் திட்டியபடியே அலமாரியைத் திறந்து நகல்களை மேஜைமேல் வீசினாள். முதல் அறிக்கையில் அந்த வரியைத் தாள் கிழியும்படி அடித்தாள். 'லாரியின் வேகத்தால்' என்று எழுதினாள். இரண்டாவது. மூன்றாவது. ஆறாவதை முடித்தபோது வாசற்படி விரிசல் விட்டது.

பேனா நின்றது.

நிலைப்படியைத் தாண்டிச் சிமெண்டுத் தரை லேசாக உப்பியது. அடங்கியது. ஒரு முழம் உள்ளே தள்ளி உப்பியது. சின்னது. நான்கு அடிகூட இருக்காது. அவசரமில்லாமல் வந்தது. அலமாரியைக் கடந்தது. மேஜைக்கு அடியில் நுழைந்தது.

செருப்பையும் மீறி உள்ளங்காலில் சூடு.

ஏழாவது தாளை அவள் கை தடவித் தேடியது. எங்கே? கிடைக்கவில்லை. குனிந்து பார்த்தாள்.

தரைக்கு அடியில் ஒரு சின்ன முகம். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி. சிமெண்டு சுருங்கி, மடிந்து, சாலையைக் கடக்கும் முன் பார்ப்பது போல அந்த முகம் முதலில் வலப்பக்கம் திரும்பியது.

பிறகு இடப்பக்கம்.

பிறகு, மேலே.